எங்க போட்டே? – சின்னத்திரை நகைச்சுவை நடிகைகள் பற்றி வாசகர் கேள்விகள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவிந்தாபுரம் வரைக்கும், ஒரே வீட்டில் தமிழ்ச் சீரியலும் ஓடும், மலையாள நகைச்சுவைத் தொடரும் ஓடும். பெரும்பாலும் அந்தப் பக்கத்து வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள்தான் இந்த முறை. எல்லாமே நகைச்சுவைத் தொடர்களில் நடிக்கும் பெண்களைப் பற்றியவை.

கே: மலையாளத் தொடரில் மாமியாராக வந்த கே.பி.ஏ.சி. லலிதாவை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும். பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் என்ன? அவர் பேசினாலே சிரிப்பு வருகிறதே, அது எப்படி?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

ப: கேரளா பீப்பிள்ஸ் ஆர்ட்ஸ் கிளப் என்ற நாடகக் குழுவின் சுருக்கம் அது. இயற்பெயர் மகேஸ்வரி அம்மா. காயங்குளத்துக்காரர். நாடகக் குழுவின் பெயர் ஆயுள் முழுக்க அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. துணை நடிகைக்கான தேசிய விருதை 'அமரம்', 'சாந்தம்' படங்களுக்காக இரண்டு முறை வாங்கியவர், கேரள சங்கீத நாடக அகாடமியின் தலைவராகவும் இருந்தார். 2022 பிப்ரவரி 22-இல் காலமானார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவருடைய குரலில்தான் பதில் இருக்கிறது. 1990-இல் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த 'மதிலுகள்' படத்தில் நாராயணி என்ற பெண்ணைக் கடைசி வரை காட்டவே மாட்டார்கள். சிறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும். அந்தக் குரல் லலிதாவுடையது. முகமே இல்லாமல் ஒரு பெண்ணை முழுசாக நிறுத்திய குரல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மருமகளைக் குத்திக் காட்டினால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? 'தட்டீம் முட்டீம்' தொடரின் பழைய எபிசோட் ஒன்றைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அதில் லலிதா நடித்த மாமியார் மாயாவதி அம்மா கோபப்படும்போது சத்தம் ஏறாது, வேகம்தான் ஏறும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வந்ததும் வேகத்தை அறுத்துவிடுவார். சிரிப்பு அந்த வெட்டில் விழுகிறது.

மருமகள் மோகனவல்லியாக நடித்த மஞ்சு பிள்ளையையும் சொல்ல வேண்டும். பழைய மலையாளப் படங்களின் நகைச்சுவை நடிகர் எஸ்.பி. பிள்ளையின் பேத்தி அவர். மாமியார் பேசும்போது மருமகள் முகம் என்ன செய்கிறது என்று கவனித்தால் அந்தத் தொடரில் பாதி வேலையை யார் செய்கிறார்கள் என்பது தெரியும்.

கே: டிவியில் பார்த்துச் சிரித்த ஒரு மாமியார்–மருமகள் துணுக்கை எங்கள் ஊர்த் திருவிழா மேடையில் போட்டோம். வசனம் ஒரு எழுத்து மாறவில்லை. யாரும் சிரிக்கவில்லை. எங்கே தவறு?
– மகளிர் குழுவினர், வண்டித்தாவளம்

ப: நீங்கள் எழுதியனுப்பிய துணுக்கு இதுதான். மருமகள் காபி கொண்டு வருகிறாள். "அத்தை, காபியில சர்க்கரை போட்டிருக்கேன்." மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்க போட்டே?" என்கிறார். நல்ல துணுக்கு. வசனத்தில் குறையே இல்லை. செய்முறையில்தான் பிசகியிருக்கிறது.

டிவியில் அந்த நடிகை என்ன செய்திருப்பார் என்று வரிசையாகப் பார்ப்போம். முதலில் உண்மையாகவே ஒரு வாய் விழுங்குகிறார். தொண்டை அசைவது தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அவர் ருசி பார்த்ததாகவே பார்ப்பவருக்குப் படாது. அடுத்து டம்ளரை நெஞ்சு உயரத்துக்கு மட்டும் இறக்குகிறார். மேசையில் வைத்துவிடக் கூடாது. டக்கென்று வைக்கும் சத்தம் ஒரு முற்றுப்புள்ளி மாதிரி. 'சரி, குடித்து முடித்தாகிவிட்டது' என்று பார்ப்பவர் மனசு தளர்ந்துவிடும். பிறகு டம்ளருக்குள் எட்டிப் பார்க்கிறார். மனசுக்குள் 'ஒன்று' என்று எண்ணுகிறார். டம்ளரைப் பார்த்தபடியே, மருமகளைப் பார்க்காமல், "எங்க போட்டே?" வசனம் முடிந்த பிறகுதான் கண் மேலே வருகிறது.

இந்த வரிசையில் ஒன்று இடம் மாறினாலும் துணுக்கு செத்துவிடும். குடித்த உடனே மருமகளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டால் அது வெறும் சண்டை. டம்ளருக்குள் தேடிவிட்டுக் கேட்கும்போதுதான், தொலைந்துபோன பொருளைத் தேடும் மனுஷியாக மாமியார் மாறுகிறார். அந்தத் தேடல்தான் நகைச்சுவை.

சொல் வரிசையையும் பாருங்கள். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். இந்த வசனத்தில் கூர்மையான சொல் 'எங்க'. அது முதலிலேயே வந்துவிடுகிறது, 'போட்டே' அதன் வால். அதனால் 'எங்க'வைச் சற்றே தூக்கி, 'போட்டே'யைத் தாழ்த்திச் சீக்கிரம் முடிக்க வேண்டும். மேடையில் பயம் வந்தால் நாம் வாலை நீட்டுவோம், கூடவே சொற்களையும் சேர்ப்போம். "எங்கடி போட்டே, காபியிலயா இல்ல கூரையிலயா?" என்று மாமியாராக நடித்தவர் சேர்த்துச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு எழுத்தும் மாறவில்லை என்றீர்கள், ஒரு சொல் மாறி மூன்று சொல் கூடியிருக்கிறது. கூரை என்று நீங்களே சொல்லிவிட்டால் பார்ப்பவர் நினைத்துப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

மருமகளுக்கு இதில் சரிபாதிப் பங்கு உண்டு. "சர்க்கரை போட்டிருக்கேன்" என்பது தெளிவாக, பெருமையாக, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி விழ வேண்டும். மேலே கட்டும் சிரிப்புக்கு அதுதான் அஸ்திவாரம். பெரும்பாலான ஊர் நாடகங்களில் சிரிப்பு வரி சத்தமாகக் கேட்கும், அதற்கு முந்தின வரி முணுமுணுப்பாகப் போய்விடும். அப்புறம் மாமியார் எட்டிப் பார்க்கும்போது மருமகள் மூச்சுகூட விடக் கூடாது. அவள் முகத்தில் முன்கூட்டியே சிரிப்போ அசடோ தெரிந்தால் பார்ப்பவர் கண் அங்கே ஓடிவிடும்.

கடைசியாக, மேடையும் கேமராவும் ஒன்றல்ல. கேமரா டம்ளரை நெருங்கிக் காட்டும். உங்கள் மேடையில் மூன்றாவது வரிசைக்கு மேல் அந்த எட்டிப் பார்ப்பு தெரியாது. அதனால் மேடைக்கு என்று செயலைப் பெரிதாக்குங்கள். விளக்கு வெளிச்சத்தில் டம்ளரைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தேடட்டும். சிரிப்பு எழுந்தால் அது முழுசாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம், உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுங்கள். முழுசாக அடங்கிவிட்டால் மறுபடி கூட்டத்தைக் கிளப்புவது பெரும்பாடு.

கே: சில தொடர்களில் பின்னணியில் ஆட்கள் சிரிக்கும் சத்தம் வருகிறதே, யார் அவர்கள்?
– வாசகர், நாட்டுக்கல்

ப: பழைய முறையில் அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களின் நிஜச் சிரிப்பு. பிறகு அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளைப் பொத்தான் அழுத்தி வரவழைக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். ஒரு பொத்தானுக்குப் புன்சிரிப்பு, இன்னொன்றுக்கு வெடிச்சிரிப்பு. நம் பக்கத்துத் தொடர்களில் அந்த வேலையைப் பெரும்பாலும் ஒரு சின்ன இசைத்துண்டு செய்கிறது. அந்த இசை அதிகமாக ஒலிக்கும் இடத்தில் வசனம் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கே: அரை மணி நேரத் தொடர் ஒன்றை எடுக்க எத்தனை நாள் ஆகும்? நடிகைக்கு அன்றைய வேலை எப்படி இருக்கும்?
– கல்லூரி மாணவி, மீனாட்சிபுரம்

ப: அரை மணி என்பது பெயருக்குத்தான். ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரத்துக்கு 12 நிமிடம் வரை விதி அனுமதிக்கிறது. பெயர் ஓடும் நேரம், முன்கதை எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 20 முதல் 22 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள் வரும் தொடர் என்றால் ஒரு நாள் படப்பிடிப்பில் ஏறக்குறைய ஒரு எபிசோட் முடிய வேண்டும். சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடம் தேறினாலே நல்ல நாள் என்பார்கள். அந்த வித்தியாசத்தை வைத்து இந்த வேலையை எடை போடுங்கள்.

9 மணிக்கு முதல் ஷாட் என்றால் நடிகை 7:30-க்கு மேக்கப் நாற்காலியில் இருக்க வேண்டும். அன்றைய காட்சிகளின் தாள் பல நேரம் அங்கேதான் கைக்கு வரும். கதையின் வரிசைப்படி எடுக்க மாட்டார்கள். சமையலறைக் காட்சிகள் எல்லாம் ஒரே மூச்சில், பிறகு கூடம், வெயில் இருக்கும்போதே வாசல். ஆகவே காலையில் எடுத்த காட்சியில் எந்த வளையல், முந்தானை எந்தப் பக்கம், கண்ணாடி மூக்கிலா நெற்றியிலா என்பது உதவி இயக்குநர் நோட்டில் இருந்தாலும் நடிகையின் தலையிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் தன் போனில் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

காபி டம்ளருக்கே ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி டம்ளர் என்றால் ஷாட்டுக்கு ஷாட் காபி மட்டம் ஏறி இறங்குவது தெரிந்துவிடும். எவர்சில்வர் டம்ளரில் மட்டம் தெரியாது. ஆனால் அது விளக்கை வாங்கிக் கேமராவில் பளிச்சென்று அடிக்கும், டபராவில் வைத்தால் நடிகையின் சட்டையில் குத்தியிருக்கும் மைக்கில் கணீரென்று விழும். பளபளப்பு போகப் பவுடர் தடவுவார்கள், டபராவுக்குள் துணித்துண்டு போடுவார்கள், அசல் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். உள்ளே பெரும்பாலும் வெதுவெதுப்பான தண்ணீர்தான். எட்டு டேக்குக்கு எட்டு வாய் நிஜக் காபி குடித்தால் மத்தியானத்துக்குள் வயிறு எரியும்.

கே: மிட்டாய் வேகமாக வர வர ஒரு பெண் அதை வாயிலும் தொப்பியிலும் திணிக்கும் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சியை என் பேரன் போனில் காட்டினான். யார் அந்த அம்மா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர்

ப: லூசில் பால். 1911 ஆகஸ்ட் 6-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். நீங்கள் பார்த்தது 'ஐ லவ் லூசி' தொடரில் 1952-இல் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி. அந்தத் தொடர் 1951 அக்டோபர் 15 முதல் 1957 மே வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்தது. மொத்தம் 180 எபிசோட்.

ஹாலிவுட்டில் பல வருஷம் சின்னப் படங்களில் நடித்தும் பெரிய நட்சத்திரமாகாமல் இருந்தவர், 1948-இல் வானொலியில் ஒரு நகைச்சுவைத் தொடரில் மனைவியாக நடித்துப் பெயர் வாங்கினார். அதையே டிவிக்குக் கொண்டுவர நிறுவனம் கேட்டபோது, கணவனாகத் தன் நிஜக் கணவர் டெஸி அர்னாஸ்தான் நடிக்க வேண்டும் என்று நின்றார். அவர் கியூபாக்காரர், ஆங்கிலத்தில் ஸ்பானிஷ் வாடை. மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. இருவரும் 1950-இல் ஊர் ஊராகப் போய் மேடையில் ஜோடியாக நடித்து, மக்கள் ஏற்கிறார்கள் என்று காட்டினார்கள்.

அடுத்து இன்னொரு பிடிவாதம். அன்றைக்குத் தொடர்கள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். இவர்கள் ஹாலிவுட்டிலேயே, பார்வையாளர் முன்னால், 35 மி.மீ. பிலிமில், மூன்று கேமரா வைத்து எடுப்போம் என்றார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் பிராய்ண்ட், மூன்று கேமராவுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும்படி மேலிருந்து சமமாக விளக்கு அமைத்தார். பிலிம் செலவு கூடுதல் என்று நிறுவனம் முனகியபோது தம்பதி சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு எடுத்த பிலிமின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். மறு ஒளிபரப்புக்கு என்ன விலை வரும் என்பது யாரும் பெரிதாக நினைக்காத காலம் அது. பிலிமில் இருந்ததால்தான் எழுபது வருஷம் கழித்து உங்கள் பேரனின் போனில் அந்த மிட்டாய் ஓடுகிறது.

1953 ஜனவரி 19-இல், கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்த அதே நாளில் நிஜத்திலும் அவருக்கு மகன் பிறந்தான். கர்ப்பம் என்ற ஆங்கிலச் சொல்லைத் தொடரில் உச்சரிக்க அன்று அனுமதி இல்லை, 'எதிர்பார்த்திருக்கிறாள்' என்றே சொல்ல வேண்டியிருந்தது. 1960-இல் மணவிலக்கு. 1962-இல் கணவரின் பங்கையும் விலைக்கு வாங்கித் தங்கள் டெஸிலு தயாரிப்பு நிறுவனத்தைத் தானே நடத்தினார். 1967-இல் அதை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றார்.

அந்த மிட்டாய்க் காட்சி அந்த நேரத்தில் தோன்றியபடி ஆடியதல்ல. லூசில் பால் ஒத்திகையில் கடுமையானவர். கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் முன்கூட்டியே பிடித்துப் பழகிவிடுவார். காட்சியை மறுபடி பாருங்கள். முதலில் பெல்ட் மெதுவாகப் போகிறது, அவர் முகத்தில் நிம்மதி. பிறகு வேகம். ஒன்றிரண்டு வாய்க்குள், அப்புறம் தொப்பிக்குள், அப்புறம் சட்டைக்குள். ஒவ்வொரு படியும் முந்தினதைவிடக் கொஞ்சம் மோசம். படி தாண்டாமல் ஏறுவதால்தான் அது வலுக்கிறது.

கே: அந்தத் தம்பதி உரிமை வாங்கியதுபோல நம் ஊர் நடிகைகளுக்கு முடியுமா? யூடியூபில் பழைய எபிசோடுகள் லட்சக்கணக்கில் ஓடுகின்றனவே, அவர்களுக்குப் பணம் வருமா?
– வாசகர், வேலந்தாவளம்

ப: பெரும்பாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற சம்பளம்தான், அதற்கு மேல் வருவது அரிது. ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, தன் நடிப்பைப் படத்தில் சேர்க்க எழுத்து மூலம் சம்மதித்த நடிகர் அதன் பயன்பாட்டைப் பின்னால் தடுக்க முடியாது. அதே சமயம் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமை அவருக்கு உண்டு. எனவே கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் யூடியூப், ஓடிடி, பிற மொழி மாற்றம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படிக்க வேண்டும்.

கூடவே பார்க்க வேண்டியவை: ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம், மிஞ்சினால் கூடுதல் எவ்வளவு, மாதத்துக்குக் குறைந்தது எத்தனை நாள் வேலை உறுதி, பணம் எத்தனை நாளில், உடைச் செலவும் பயணப்படியும் யாருடையது. வேறு சேனலில் நடிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் வேலை இல்லாத மாதத்துக்கும் ஏதாவது தர வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. வரியாக 10 சதவீதம் பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

கே: என் தங்கைக்கு மலையாளத் தொடரில் நகைச்சுவை வேடம் செய்ய ஆசை. நாங்கள் வீட்டில் தமிழ். மலையாளம் புரியும், பேசினால் 'தமிழச்சி' என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். வாய்ப்பு இருக்குமா? எப்படித் தயாராவது?
– வாசகி, முதலமடை

ப: இருக்கும். ஆனால் எப்போதும் 'தமிழ் பேசும் வேலைக்காரி' வேடத்துக்கே கூப்பிடாமல் இருக்க வேண்டுமானால் உச்சரிப்பில் வேலை செய்ய வேண்டும்.

எங்கே மாட்டுகிறோம் என்றால் மூக்கொலியில். உங்கள் ஊர் மாந்தோப்பிலிருந்தே தொடங்கலாம். நமக்கு மாங்காய், அவர்களுக்கு 'மாங்ங'. நமக்கு மஞ்சள், அவர்களுக்கு 'மஞ்ஞள்'. நமக்கு வந்து, அவர்களுக்கு 'வந்நு'. நாம் மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினத்தை அழுத்துகிறோம், அவர்கள் மெல்லினத்தையே இரட்டிக்கிறார்கள். இன்னொன்று, நமக்கு ஒரே 'க', ஒரே 'ப'. அவர்களுக்கு வடமொழிச் சொற்களில் நான்கு நான்கு. மலையாள எழுத்தில் வாசிக்கப் பழகினால் இது தானாகத் தெளியும். வசனத்தைத் தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தால் நம் உச்சரிப்பே ஒட்டிக்கொள்ளும். தினமும் 10 நிமிடம் மலையாளப் பத்திரிகையை உரக்க வாசித்து, பதிவு செய்து கேட்கட்டும்.

இரண்டு மொழியும் தெரிந்ததில் ஒரு சொத்தும் இருக்கிறது. 'சம்சாரம்' நமக்கு மனைவி, அவர்களுக்குப் பேச்சு. 'வெள்ளம்' அவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர், 'பட்டி' நாய். இந்தச் சறுக்கலை வைத்து ஒரு நிமிடக் காட்சி ஒன்றை உங்கள் தங்கையே எழுதி நடிக்கட்டும். ஆடிஷனில் பிரபல நடிகைகளைப் போலச் செய்து காட்டுவதைவிட இது பல மடங்கு நல்லது.

வீடியோ அனுப்பச் சொன்னால் போனைப் படுக்கை வாக்கில், கண் உயரத்தில் வைக்க வேண்டும். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள், முகத்தின் இரு பக்கம், பிறகு காட்சி. எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தைப் படிப்பவர் போனுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், அவர் குரல் நடிப்பவர் குரலை மூடக் கூடாது.

பதிவுக் கட்டணம், போட்டோ கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் அது வாய்ப்பல்ல. தேர்வு செய்யப் பணம் வாங்கும் வழக்கம் தயாரிப்பில் கிடையாது. தனியாக ஓட்டல் அறைக்கு வரச் சொன்னால் போக வேண்டாம். வேலையிடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழு இல்லையென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் எழுத்தில் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் தருவார்கள். தேதி, நேரம், வந்த மெசேஜ் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கே: என் மகளுக்கு 9 வயது. தொடரில் பேத்தியாக நடிக்கக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் கெடாதா?
– வாசகி, மறையூர் (இடுக்கி)

ப: கெடாமல் பார்த்துக்கொள்வதற்கு விதிகள் இருக்கின்றன. குழந்தையை நடிக்க வைக்கத் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 3 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஓய்வு கொடுக்க வேண்டும். தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாக நேராகப் போக வேண்டும்.

மறையூரிலிருந்து கொச்சிக்கு மலைப்பாதையில் போய் வருவதற்கே குழந்தைக்கு ஒரு முழு நாள் களைப்பு. படப்பிடிப்பு நாட்களை வார இறுதியோடு சேர்த்துத் தரச் சொல்லுங்கள், முந்தின நாள் மாலையே போய்த் தங்கும் செலவை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நகைச்சுவைக் காட்சியில் குழந்தையிடம் "சிரிக்க வை" என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அது கேமராவைப் பார்க்கத் தொடங்கிவிடும். "பாட்டி டம்ளருக்குள்ள என்ன தேடறாங்கன்னு பாரு" என்று ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள், குழந்தை தானாகப் பார்க்கும்.